தையற் பொறியின் மேசை

தையற் பொறியொன்றை விலைக்கு வாங்குவோர் அதன் தலைப்பாகத்தையே உற்று நோக்குவர். ஊசி நேராக இறங்குகிறதா, தையல் சீராக விழுகிறதா, ஓசை மிகுதியாக எழுகிறதா என்றெல்லாம் ஆராய்வர். அது பூட்டப்படும் மேசையைப் பொருட்படுத்துவோர் மிகச் சிலரே. நாள் முழுவதும் தைப்பவரின் கழுத்தும் தோளும் முதுகும் நோகுமா, நோகாதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்த மேசையே.

வீடுகளிற் காலால் மிதித்துத் தைக்கும் பழைய பொறி, பலகையும் இரும்புக் காலும் சேர்ந்த ஒரே பொருளாக வருவது. அதன் உயரம் மாறாது. தொழிற்சாலைப் பொறியின் அமைப்பு வேறு. தலை, பலகை, இரும்புச் சட்டம், மோட்டர் என்பன தனித்தனியே வந்து, பின்னர் ஒன்றாகப் பொருத்தப்படுகின்றன. பலகை ஏறத்தாழ 120 சென்ரிமீற்றர் நீளமும் 55 சென்ரிமீற்றர் அகலமும் உடையது. தலை அமர்வதற்கான வாயும், வார் செல்வதற்கான துளையும் அதில் வெட்டப்பட்டிருக்கும். சட்டத்தின் கால்களை நீட்டவும் குறுக்கவும் ஆணியும் சுரையும் உண்டு. மேசையை ஆளுக்கேற்ப மாற்ற வேண்டும் என்பதே இவ்வமைப்பின் நோக்கம்.

கட்டுநாயக்காவில் 1978ஆம் ஆண்டு சுதந்திர வர்த்தக வலயம் ஏற்பட்ட பின்னர், கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள் பல்லாயிரவர் இத்தகைய மேசைகளின் முன் அமர்ந்தனர். 2009இற் போர் முடிந்த பின் வட மாகாணத்திலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. தொழிற்சாலைகள் கழித்துவிடும் பொறிகளை வாங்கி வீட்டிலேயே தைத்துப் பிழைப்போரும் உளர். மேசையை நிறுத்தும் முறையை இவர்கள் யாவரும் அறிந்திருத்தல் நன்று.

முதலாவது, நிலம். தொழிற்சாலைப் பொறி நிமிடத்துக்கு நாலாயிரம் தையல் வரையிலும் அதற்கு மேலும் ஓட வல்லது. அவ்வேகத்தில் ஒரு கால் நிலத்திற் படியாதிருப்பின் மேசை முழுவதும் அதிரும். சுரைகள் தாமே தளரும். பலகையின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தால் ஆட்டம் தெரிந்துவிடும். அப்போது சட்டத்தின் அடியிலுள்ள பாதத் திருகுகளைச் சுழற்றிச் சரிசெய்யலாம். காகித மட்டையை மடித்துக் காலடியிற் செருகுவது பயனற்றது. சில நாட்களில் அது நசிந்துவிடும்.

இரண்டாவது, உயரம். தைப்பவர் தமது கதிரையில் அமர்ந்து, இரு பாதங்களையும் நிலத்திற் பதித்து, மேற்கையைத் தளரத் தொங்கவிட்டு, முழங்கையைச் செங்கோணமாக மடக்க வேண்டும். நிலத்திலிருந்து முழங்கை வரையுள்ள உயரத்தை மற்றொருவர் அளவுநாடாவால் அளக்க வேண்டும். பலகையின் மேற்பரப்பு அவ்வளவுக்கு 5 முதல் 15 சென்ரிமீற்றர் வரை மேலே இருத்தல் பொருந்தும். முழங்கை 64 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால், மேசை 69 முதல் 79 சென்ரிமீற்றருக்குள் நிற்கும். எழுதும் மேசையிலும் இது சற்று உயரமாயிற்றே என்று சிலர் ஐயுறலாம். தைப்பவரின் கண் ஊசி முனையை நெருங்கிப் பார்க்க வேண்டும். மேசை தாழ்ந்தால், கண் ஊசியைத் தேடிக் கீழிறங்கும். கழுத்தும் முதுகும் உடன் வளையும். அளவு மீறி உயர்ந்தால் தோள்கள் மேலெழுந்து இறுகும். ஆதலின் குறைந்த அளவில் தொடங்கி, அரை நாள் தைத்துப் பார்த்து, இரண்டிரண்டு சென்ரிமீற்றராக உயர்த்துவதே தக்க வழி. தொடைக்கும் பலகையின் கீழுள்ள எண்ணெய்த் தட்டுக்கும் இடையே தாராளமான இடமுண்டா என்பதையும் பார்க்க வேண்டும். தலை மிகுந்த பாரமுள்ளது. உயரத்தை மாற்றும்போது இருவர் நின்று தாங்குதல் அவசியம்.

மூன்றாவது, மிதி. மிதி சட்டத்தின் அடிப்பகுதியில் இருப்பது. மோட்டர் பலகையின் கீழே தொங்குவது. இரண்டையும் ஒரு கம்பி இணைக்கிறது. பலகையை உயர்த்தினால் மோட்டரும் உயர, கம்பி மிதியை மேலே இழுத்துக்கொள்ளும். அதனைக் கவனியாது விட்டால், தைப்பவர் கணுக்காலை ஓயாது மடக்கியபடி இருக்க நேரிடும். உயரம் மாறுந்தோறும் கம்பியின் திருகைத் தளர்த்தி அதன் நீளத்தையும் மாற்றுதல் வேண்டும். பாதம் மிதியின்மேல் இயல்பாகத் தங்கியிருக்கையிற் பொறி ஓடலாகாது. முன்பாதத்தை அழுத்தினால் ஓடவும், குதிகாலை அழுத்தினால் நிற்கவும் வேண்டும். அழுத்துபாதத்தை உயர்த்த உதவும் முழங்கால் தட்டும் வலது முழங்காலுக்கு அருகிலேயே அமைந்திருக்க வேண்டும். அதைத் தேடி இடுப்பைத் திருப்பும் நிலை ஆகாது.

நான்காவது, மோட்டரும் வாரும். இவற்றைத் தொடுமுன் மின்சாரத்தை நிறுத்துவது கட்டாயம். பழைய வகை மோட்டர் மின்சாரம் நின்ற பின்னரும் சிறிது நேரம் சுழன்றுகொண்டிருக்கும்; அது முற்றாக ஓயும் வரை மிதியைத் தொடலாகாது. புதுவகை மோட்டர் மிதித்தால் மட்டுமே சுழல்வது. மின்சாரச் செலவும் ஓசையும் அதிற் குறைவு. மோட்டரின் கப்பியும் தலையின் கைச்சில்லும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். வார் பலகைத் துளையின் விளிம்பில் உராயக்கூடாது. வாரின் நடுவே விரலால் அழுத்தினால் அது ஏறத்தாழ 15 மில்லிமீற்றர் உள்வாங்க வேண்டும். அதனினும் தளர்ந்தால் வழுக்கும். இறுகினால் அச்சுகள் தேயும். கைச்சில்லின் மேற்பகுதி தைப்பவரை நோக்கிச் சுழல வேண்டும். எதிர்ப்புறமாகச் சுழன்றால் உடனே நிறுத்தி, மின்தொழில் அறிந்தவரைக் கொண்டு திருத்துவித்தல் வேண்டும்.

வேகமும் இங்கேயே தீர்மானிக்கப்படுகிறது. நிமிடத்துக்கு 1425 தடவை சுழலும் மோட்டரில் 100 மில்லிமீற்றர்க் கப்பியும், தலையில் 75 மில்லிமீற்றர்க் கப்பியும் இருந்தால், பொறி 1900 தையல் தைக்கும். மோட்டரிற் 50 மில்லிமீற்றர்க் கப்பியை மாட்டினால் அது 950 ஆகக் குறையும். புதிதாகப் பழகுவோருக்கு இம்மாற்றம் பெரும் ஆறுதலாகும், விரல்களுக்குக் காவலுமாகும்.

எண்ணெய்த் தட்டை அளவுக்குறி வரை நிரப்பிய பின்னரே பொறியை ஓட்ட வேண்டும். தலையைப் பின்னே சாய்ப்பதற்கு முன் வாரைக் கழற்றுவதும், தலையைத் தாங்கும் முளை பலகையில் உறுதியாக உள்ளதா என்று பார்ப்பதும் மறக்கத்தகாதன. முளையில்லாத மேசையிற் சாய்த்த தலை கீழே விழுந்து காலை நசுக்கக்கூடும்.

இத்தனையும் செய்தும் ஒரு குறை எஞ்சலாம். தொழிற்சாலையில் வரிசையாக நிற்கும் மேசைகள் யாவும் ஒரே உயரத்தில் நிற்பது பார்வைக்கு அழகு. அங்கே அமர்பவர்களோ ஒரே உயரத்தினர் அல்லர். நெட்டையானவள் நாள் முழுவதும் குனிகிறாள். குட்டையானவள் தோளைத் தூக்கிய வண்ணம் தைக்கிறாள். வேலைமுறை மாறும்போது ஒருவர் எழுந்த இடத்தில் வேறொருவர் அமர்கிறார்; மேசை மட்டும் மாறுவதில்லை. சட்டத்தின் காலிற் சென்ரிமீற்றர்க் குறிகளை வர்ணத்தால் இட்டு வைத்தால், தமக்குரிய அளவைத் தைப்பவர் நினைவில் வைத்துச் சொல்லலாம். பொறி திருத்துபவர் சிறிது நேரத்தில் மாற்றிக் கொடுக்கலாம்.

ஊசி முறிந்தால் வேலை அக்கணமே நின்றுவிடுகிறது. ஆதலால் அது உடனே மாற்றப்படுகிறது. கழுத்து நோவு வேலையை நிறுத்துவதில்லை. ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வளர்கிறது. அதனாலேயே மேசையின் உயரத்தை எவரும் கேட்பதில்லை, கேட்காததால் எவரும் மாற்றுவதுமில்லை. புதிய பொறியின் முன் அமரும் ஒருவர், நூலைக் கோப்பதற்கு முன் அளவுநாடாவை ஒருமுறை கையில் எடுப்பாராயின், பின்னாளில் வரக்கூடிய நோவின் பெரும்பகுதியை அன்றே தடுத்துக்கொள்ளலாம்.