எழுவானும் படுவானும் ஒரே மரத்தில்

சத்தம் போடாமல் உள்ளே வாருங்கள், ஒரு கல்யாணம் நடக்கப்போகிறது. மண்டபம் மட்டக்களப்பு கல்லடியில் என் மேசை. மணமக்கள் இரண்டு கோப்புறைகள்.

ஒன்று நான் சேர்த்தது: வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை ஊர்களின் பெயரும் பெயர் வந்த கதையும். ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிகுடி என்று போகும். மற்றது எதிர்க்கரையான படுவான்கரையில் என் மச்சாள் சேர்த்தது: கொக்கட்டிச்சோலை, முனைக்காடு, வெல்லாவெளி. ஒருவருக்கொருவர் சொல்லாமலே இருவரும் கிட் என்ற மென்பொருளில் வைத்திருந்தோம். யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார் என்று ஒவ்வொரு திருத்தத்தையும் அது ஒரு 'கொமிட்' ஆக எழுதி வைத்துக்கொள்ளும்.

இரண்டையும் சேர்க்கவேண்டும். கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் அரை நிமிட வேலை. ஆனால் மச்சாள் இரவிரவாகத் திருத்தியதெல்லாம் நான் ஒரே நாளில் எழுதியதுபோல நிற்கும். பிறகு அந்தக் கரைப்பக்கம் தலைகாட்ட முடியுமா?

ஆகவே, சேர் என்று கட்டளை கொடுத்தேன். மாட்டேன் என்றது! தொடர்பில்லாத வரலாறுகளைச் சேர்க்க மறுக்கிறதாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நம் மட்டக்களப்பில் சம்பந்தம் பேசும்போது "என்ன குடி?" என்று கேட்பது, இருவரும் ஒரே தாய்வழிக் குடியாக இருந்துவிடக் கூடாதே என்று. கிட் அப்படியே தலைகீழ்: உறவில்லையென்றால் சம்பந்தமே இல்லை என்கிறது.

காரணம் உண்டு. இரண்டு கிளைகளை இணைக்கும்போது கிட் முதலில் தேடுவது அவற்றின் பொது மூதாதையை. அங்கிருந்து இந்தப் பக்கம் என்ன மாறியது, அந்தப் பக்கம் என்ன மாறியது என்று பார்த்துத்தான் பொருத்தும். எங்கள் இரண்டுக்கும் மூதாதையே கிடையாது. 2016இல் வந்த 2.9ஆம் பதிப்பிலிருந்து இப்படிப்பட்ட இணைப்பைக் கிட் தானாகச் செய்யாது. 'அலவ் அன்ரிலேட்டட் ஹிஸ்டரிஸ்' என்று கட்டளையோடு சேர்த்துச் சொன்னால்தான் வழிவிடும்.

இப்போது திரைக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் போவோம். இந்த வகைக் கல்யாணத்தைத் தானே செய்துகொண்டது கிட்! லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதத் தொடங்கியது 2005 ஏப்ரலில். பால் மக்கரஸ் என்பவர் கிட்டில் பதிந்த வரலாற்றைப் படமாக வரைந்து காட்டும் 'கிட்கே' என்ற கருவியைத் தனியாக எழுதிவந்தார். ஜூன் 22இல் லினஸ் இரண்டையும் வரலாறோடு சேர்த்தார். இதுவரை நடந்ததிலேயே அட்டகாசமான 'மேர்ஜ்' (இணைப்பு) இதுதான் என்று தலைப்பிட்டுக் கூட்டாளிகளுக்கு எழுதினார். மனிதர் துள்ளிக் குதித்திருக்கிறார்.

அவர் செய்த தந்திரத்தைப் பாருங்கள். கிட்கேயின் கோப்புப் பட்டியலை ஒரு தற்காலிகப் பட்டியலில் ஏற்றினார். கோப்பை வெளியே எடுத்துத் தன் பட்டியலில் சேர்த்தார். கடைசியில், கிட்கேயின் கடைசிக் கொமிட்டை 'இதுவும் ஒரு பெற்றோர்' என்று தன் கையாலேயே குறித்துவைத்துப் புதுக் கொமிட்டைப் போட்டார். அவ்வளவுதான்! இரண்டு பெற்றோர் உள்ள ஒரேயொரு புதுக் கொமிட். பழைய கொமிட்டில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. மாறவும் முடியாது: ஒவ்வொரு கொமிட்டுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தும் பெற்றோரிடமிருந்தும் கணக்கிட்ட 40 எழுத்து அடையாளம் இருக்கிறது, எதைத் தொட்டாலும் அடையாளமே வேறாகிவிடும். பெண்வீட்டுக்கு வந்து குடியிருந்தாலும் மாப்பிள்ளையின் குடி மாறாததுபோல.

சரி, என் மேசைக்குத் திரும்புவோம். அனுமதிச் சொல்லைப் போட்டேன். உடனே சண்டை! இருவரிடமும் 'ஊர்கள்' என்று ஒரே பெயரில் கோப்பு. இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து, நடுவிலும் ஓரத்திலும் ஏழு ஏழு குறிகளால் வேலி போட்டுத் தந்தது. லினஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. கிட்கேயின் கோப்புக்குக் கிட்டில் பெயர்ப்போட்டி கிடையாது. மேர்ஜைக் கைவிட்டேன். மச்சாளின் பக்கம் எல்லாவற்றையும் 'படுவான்' என்ற கோப்புறைக்குள் நகர்த்தி ஒரு கொமிட் போட்டுவிட்டு மறுபடி சேர்த்தேன். வந்த மாப்பிள்ளைக்குத் தனி அறை. கிட்கேயும் 2007இலிருந்து கிட்டுக்குள் தனிக் கோப்புறையில்தான் குடியிருக்கிறது.

திரையில் வரலாற்றை வரைபடமாக விரித்தேன். தனித்தனி வேரிலிருந்து இரண்டு கோடுகள் ஏறி வந்து ஒரு புள்ளியில் தொட்டன. தொலைபேசியில் மச்சாளின் முதல் கேள்வி, "என்ட பேர் இருக்கா?"

"ஒவ்வொரு வரியிலும் இருக்கு."

மண்முனையில் 2014இல் பாலம் திறக்குமுன் வாவியைக் கடக்கப் 'பாதை' என்ற மிதவைதான் வழி. அது கரைக்கு வரும்வரை காத்துக்கிடக்க வேண்டும். பாலம் வந்தபின் யாரும் காத்திருப்பதில்லை. எங்கள் இணைப்பும் அப்படித்தான். மறுநாள் மச்சாள் ஒரு குளத்தின் பெயரைத் திருத்தினாள். நான் சேர் என்றேன், அனுமதிச் சொல் எதுவும் இல்லாமல். கிட் வாய்திறக்கவில்லை. நேற்றுச் சேர்த்த அவளுடைய கடைசிக் கொமிட்தான் இன்றைக்குப் பொது மூதாதை. நாங்கள் இப்போது சொந்தக்காரர்.