அடுத்த பலகை எது?

கோவளம் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரம் செல்லும் வழியில் இருக்கிறது. அங்கே காலை வேளையில், பலகை மேல் நின்றபடி அலையோடு வழுக்கிக் கரைக்கு வரும் இளைஞர்களைக் காணலாம். அவர்களுள் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பலர். கட்டுமரத்தில் அலையைத் தாண்டிப் போய், அலையோடு திரும்பி வருவது அவர்களுடைய பாட்டன்மார் அறிந்த கலைதான். ஆனால், பலகை மேல் நின்று சறுக்கும் விளையாட்டு பசிபிக் பெருங்கடலின் ஹவாய்த் தீவுகளில் வளர்ந்தது. பிறகு உலகமெங்கும் பரவியது.

நீங்களும் இதைக் கற்றுக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். கரையருகே உடைந்து வரும் நுரை அலையில் எழுந்து நிற்க வந்துவிட்டது. சற்று உள்ளே போய், இன்னும் உடையாத அலைகளிலும் இரண்டொன்றைப் பிடித்துவிட்டீர்கள். இதுவரை உங்களைச் சுமந்தது பயிற்சிப் பலகை. 8 அடி நீளம், நல்ல தடிமன், மேலே மெத்தென்ற ஃபோம். இப்போது அது சலித்துவிட்டது. திருப்பினால் எளிதில் திரும்ப மறுக்கிறது. போட்டி வீரர்கள் கையில் இருப்பதோ 6 அடிப் பலகை. மெல்லியது, கூர்மூக்கு உடையது. அதையே வாங்கிவிடலாமா?

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு லிட்டர் காலி பாட்டிலை இறுக மூடி, ஒரு வாளித் தண்ணீரில் முழுவதும் அமிழும்வரை அழுத்துங்கள். கை எவ்வளவு பலமாக அழுத்த வேண்டியிருக்கிறது! ஏறக்குறைய ஒரு கிலோ எடையை அதன்மேல் வைத்தாற்போல் அழுத்தினால்தான் பாட்டில் அமிழும். ஒரு பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அவ்வளவு நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேலே தள்ளுகிறது. ஆர்க்கிமிடீஸ் கண்ட இந்த உண்மையைப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள் அல்லவா? கடல் நீர் சற்றுக் கனமானது. ஒரு லிட்டர் சுமார் 1.025 கிலோ இருக்கும்.

இனிக் கணக்குக்கு வருவோம். உங்கள் எடை 50 கிலோ, பலகையின் எடை 4 கிலோ, மொத்தம் 54. இதைத் தாங்க ஏறக்குறைய 53 லிட்டர் கடல் நீர் விலக்கப்பட வேண்டும். பயிற்சிப் பலகையின் கன அளவு 70 லிட்டர் என்றால், அதில் முக்கால் பங்கு அமிழ்ந்ததும் போதும். நீங்கள் நீருக்கு மேலே படுத்திருப்பீர்கள். கையால் துழாவினால் பலகை வழுக்கிக்கொண்டு போகும்.

வீரரின் பலகை 30 லிட்டர்தான். எடையில் ஒரு கிலோ குறைந்தாலும், 52 லிட்டர் விலக்கியே ஆக வேண்டும். பலகை முழுவதும் மூழ்கி 30 லிட்டரை விலக்கும். மீதி 22 லிட்டர்? உங்கள் உடம்புதான் விலக்க வேண்டும். மார்பும் வயிறும் தொடையும் நீருக்குள் இழுபடும். நீரின் தடை பெருகும். பத்து முறை துழாவியும் இருந்த இடத்திலேயே இருப்பதுபோல் தோன்றும்.

அப்படியானால் வீரர் மட்டும் அதன்மேல் எப்படி நிற்கிறார்? குளத்தில் ஓட்டுச்சில்லைத் தட்டையாக எறிந்து, அது தத்தித் தத்திச் செல்வதை ரசித்திருப்பீர்கள். சில்லு மிதக்கும் பொருளன்று. ஆயினும் வேகம் இருக்கும்வரை நீர் அதை மேலே தள்ளுகிறது. வேகம் தளர்ந்ததும் மூழ்கிவிடுகிறது. பலகையும் அப்படியே. அலைச்சரிவில் விரையும்போது அதன் அடிப்பரப்பு நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. நீர் பலகையை மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்நேரத்தில் கன அளவு அவ்வளவு முக்கியமன்று. பலகையின் வடிவமே முக்கியம்.

ஆகவே, ஒரே பலகை இரண்டு வேலை செய்கிறது. அலையைப் பிடிக்கும்வரை அது தோணி, பிடித்தபின் ஓட்டுச்சில்லு. வீரருக்குத் தோணி வேலை சில நொடிதான். உங்களுக்கோ பெரும்பொழுது அதிலேயே கழிகிறது!

அலையின் வேகத்தையும் பார்க்க வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 14 கிலோமீட்டர். கையால் துழாவி இந்த வேகத்தை எட்ட முடியாது. குறைவதைப் புவியீர்ப்பு கொடுக்கிறது, அதாவது அலையின் சரிவில் பலகை தானே இறங்குகிறது. நீண்ட, நன்கு மிதக்கும் பலகை முன்பே வேகம் பெற்றிருப்பதால் மென்மையான சரிவே போதும். எழுந்து நிற்க நேரம் கிடைக்கும். குட்டைப் பலகை, அலை செங்குத்தாக நிமிரும்வரை காத்திருக்கும். பிறகு ஒரு நொடிக்குள் எழாவிட்டால் தலைகுப்புறக் கவிழ்க்கும்.

இந்த அவசரம் உங்களுக்கு மட்டும் உரியதென்று வெட்கப்பட வேண்டாம். 1966-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் நடந்த உலகப் போட்டியில் ஆஸ்திரேலியர் நாட் யங் வென்ற பலகை 9 அடிக்கும் மேல் நீளமானது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் பலகைகள் 7 அடிக்கும் கீழே குறுகிவிட்டன. பழைய நெடும்பலகையின் உறையை உரித்து, உள்ளிருந்த ஃபோமைக் குட்டையாகச் செதுக்கிக்கொண்டவர்களும் உண்டு. அலைமேல் செய்யும் வித்தைகள் பெருகின, உண்மை. ஆனால், நெடும்பலகை மறையவில்லை. பின்னாளில் அது திரும்பி வந்து, இன்று அதற்கெனத் தனிப் போட்டிகளே நடக்கின்றன. ஹவாயின் புகழ்பெற்ற நீச்சல் வீரர் டியூக் கஹானமோக்கு 16 அடி நீளமும் 50 கிலோவுக்கு மேல் எடையும் உள்ள மரப்பலகையில் சறுக்கினார் என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள்!

50 கிலோ எடையுள்ள நீங்கள் 70 லிட்டரிலிருந்து 30-க்குத் தாவாமல், 45 முதல் 50 லிட்டர் வரையுள்ள பலகையைத் தேடுங்கள். நீளம் 7 அடி அல்லது சற்றுக் கூடுதல். உங்கள் எடை வேறானால் கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். கிலோவுக்கு ஒரு லிட்டரை ஒட்டியும், அதற்குச் சற்றுக் கீழேயும் இருந்தால் இந்தக் கட்டத்துக்குப் பொருந்தும்.

கன அளவு ஒத்திருந்தாலும் இரு பலகைகள் ஒரேமாதிரி நடந்துகொள்வதில்லை. பலகையைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். மூக்கும் வாலும் மேல்நோக்கி வளைந்திருக்கும். வளைவு மிகுந்தால் செங்குத்தான அலையில் மூக்கு குத்தாது. ஆனால் தட்டையான நீரில் அது நீரைத் தள்ளிக்கொண்டே போவதால் வேகம் குறையும். ஹவாயின் ஓஹூ தீவிலேயே இரண்டுக்கும் இடமுண்டு. வைக்கீக்கியில் அலை மெல்லச் சரியும். வடகரையின் பைப்லைனில் குளிர்கால அலை சுவர்போல் எழுந்து குழாயாகச் சுருளும். உங்கள் கடற்கரை எதைப் போன்றது? பெரும்பாலும் முதலாவதைப் போன்றதே. ஆகவே வளைவு குறைந்த பலகையே நல்லது என்பது என் கருத்து.

விளிம்பைப் புரிந்துகொள்ள ஒரு கரண்டி வேண்டும். குழாயைத் திறந்து, கரண்டியின் முதுகை நீரோட்டத்தின் பக்கவாட்டில் தொடும்படி பிடியுங்கள். நீர் கரண்டியைத் தள்ளவில்லை. தன் பக்கம் இழுக்கிறது! வளைந்த பரப்பை நீர் ஒட்டிச் செல்வதால் இப்படி நேர்கிறது. உருண்ட விளிம்பும் இவ்வாறே அலையை ஒட்டிக்கொள்ளும். வால் பக்கம் விளிம்பு கூராக இருந்தால், நீர் அங்கே ஒட்டாமல் பிரிந்துவிடும், பலகை விரையும். நடுவில் உருட்சியும் வாலில் கூர்மையும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அடியில் மீன் துடுப்பைப் போன்ற தகடுகள் இருக்கும். 1935-இல் டாம் பிளேக் என்ற அமெரிக்கர் பலகையடியில் ஒரு தகட்டைப் பொருத்தினார். அதற்கு முன் பலகையின் வால் பக்கவாட்டில் வழுக்கித் தொல்லை கொடுத்தது. ஆஸ்திரேலியர் சைமன் ஆண்டர்சன் மூன்று தகடுகள் கொண்ட பலகையை உருவாக்கி, 1981-இல் பெல்ஸ் கடற்கரையிலும் பைப்லைனிலும் போட்டிகளை வென்றார். இன்று அதிகம் காணப்படுவது இந்த மூன்று தகட்டு அமைப்புதான். உங்களுக்கும் அதுவே போதும். ஒன்று கவனம்: பயிற்சிப் பலகை மெத்தென்றது, இது கடினமானது. விழும்போது தலையைக் கைகளால் மூடிக்கொள்ளப் பழகிய பிறகே இதில் ஏறுங்கள்.

புதுப்பலகை விலை அதிகம். பழையது கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். வெயிலில் பழுத்து மஞ்சளாகியிருந்தால் குற்றமில்லை. விரலால் அடிப்பரப்பைத் தடவி, வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடியிழை உறை வெடித்திருந்தால் உள்ளே உள்ள ஃபோம் நீரை உறிஞ்சியிருக்கும். வெடிப்பின்மேல் வாயை வைத்து உறிஞ்சினால் உப்புக் கரிக்கும். பலகையைத் தூக்கியும் பாருங்கள். அதே அளவுள்ள வேறொன்றைவிடக் கனத்தால் வேண்டாம். வெடிப்பு சிறியதாகவும் உள்ளே உலர்ந்தும் இருந்தால், பிசின் பூசி அடைத்து, அது நன்றாக இறுகிய பிறகு கடலுக்கு எடுத்துச் செல்லுங்கள்.