பட்டியலில் இல்லாத பெயர்கள்

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு இலங்கை முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். பதுளை நகரில் கடைகள் சாத்தப்பட்டன, பஸ் நின்றது. பள்ளிக்கூடம் அதற்கு முன்பே மூடியாகிவிட்டது. ஆனால் பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் காலையில் வேலைக்குப் பேர் எடுக்கும் பிரட்டு நிற்கவில்லை. கொழுந்தை விட்டால் முற்றிவிடும், ஏற்றுமதி கெட்டுவிடும் என்று தேயிலைத் துறைக்கு விலக்குக் கொடுத்திருந்தார்கள். என் அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைச் சுற்றிக்கொண்டு மலைக்குப் போனார். பதுளையில் ஆட்டோ ஓட்டும் மச்சான் வண்டியை லயத்து முற்றத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் வேலை செய்த அவர்களுடைய மூத்த மகன் கொழும்பில் மாட்டிக்கொண்டான்.

ஒரே லயன் காம்பராவில் மூன்று விதமான உழைப்பாளிகள். அந்த மூவருக்கும் கிடைத்ததையும் கிடைக்காததையும் வைத்தே, கொரோனா காலத்து அரசாங்க உதவியை நான் எடைபோடுகிறேன். நான் தோட்டப் பாடசாலை ஆசிரியன். அந்த மாதங்களில் எங்கள் லயங்களில் விண்ணப்பம் நிரப்பியதில் பாதி என் கையெழுத்து.

யாருக்குக் கிடைத்தது?

அரசாங்கம் அறிவித்த பெரிய உதவி 5,000 ரூபா. ஏப்ரலில் ஒரு தடவை, மே மாதத்தில் ஒரு தடவை. சமுர்த்தி நிவாரணம் பெறுவோர், அதற்குக் காத்திருப்போர், முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர், வருமானம் இழந்தோர் என்று வகை பிரித்து, கிராம உத்தியோகத்தர், சமுர்த்தி உத்தியோகத்தர் வழியாகக் கொடுத்தார்கள். ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும்: பணம் விரைவாக வந்தது. ஊரடங்கு போட்டு ஒரு மாதத்துக்குள் பல குடும்பங்களின் கையில் காசு இருந்தது. 1995இல் தொடங்கிய சமுர்த்தியின் பட்டியல் தயாராக இருந்ததுதான் அதற்குக் காரணம்.

பட்டியல் இருந்த வீட்டுக்கு உதவி போனது. எங்கள் சிக்கலும் அந்தப் பட்டியலிலேயே தொடங்கியது. 2016ஆம் ஆண்டு அரசாங்கத்தின் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை 4.1 வீதம், தோட்டத்துறையில் 8.8 வீதம். அப்படியிருந்தும், தோட்டத்தில் பேர் பதிந்தவருக்கு மாதச் சம்பளம் இருக்கிறது என்று சொல்லியே எங்கள் பகுதியில் பலரை ஒதுக்கினார்கள். அக்காவின் விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் ‘தோட்டத் தொழிலாளி’ என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லுக்காகவே அது திரும்பி வந்தது.

“சம்பளம் வாங்குறேன்னு சொல்லித் தள்ளிட்டாங்க தம்பி. அந்தச் சம்பளத்துல எத்தன பேர் சாப்புடுறோம்னு யாரும் கேக்கல்ல” என்றார் அக்கா. அந்த மாதம் மச்சானிடம் சல்லிக்காசு வருமானம் இல்லை. மகனும் பணம் அனுப்பவில்லை. ஐந்து வயிறும் ஒரு கொழுந்துக் கூடையை நம்பியிருந்தன.

மச்சானின் விண்ணப்பத்தில் ‘சுயதொழில்’ என்று எழுதினேன். அதற்குச் சான்று கேட்டார்கள். அவரிடம் இருந்தவை சாரதி அனுமதிப்பத்திரமும் லீசிங் புத்தகமும் மட்டும்தான். மருமகனின் நிலை இன்னும் மோசம். கொழும்பில் கேட்டால், உனக்கு இங்கே வாக்கு இல்லை, ஊரில் போய்ப் பதி என்றார்கள். ஊரில் கேட்டால், ஆள் இங்கே இல்லையே என்றார்கள். மாவட்டம் விட்டு மாவட்டம் போக வழியில்லாத நாட்களில் அவன் எங்கே போய்ப் பதிவது?

விண்ணப்பத்தில் இன்னொரு கட்டமும் என்னைத் திணற வைத்தது: வீட்டு இலக்கம். எங்கள் லயங்களுக்கு இலக்கமிட்ட முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்துதான் கைக்கு வரும். பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவு செய்யத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டமே 2018இல்தான் திருத்தப்பட்டது. இத்தனை காலம் கம்பனியின் வேலிக்குள் இருந்த மக்களை ஒரு மாத நெருக்கடிக்குள் தேடிப் பிடிக்க எந்த உத்தியோகத்தராலும் முடியாது.

எவ்வளவு, எத்தனை நாளைக்கு?

2020 ஏப்ரலில் ஒரு கிலோ நாட்டரிசியின் கட்டுப்பாட்டு விலை 90 ரூபா. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 30 கிலோ என்று வைத்தாலும் அரிசிக்கே 2,700 ரூபா. மீதி 2,300 ரூபாவுக்குள் கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சவர்க்காரம், மருந்து எல்லாம் அடங்க வேண்டும். 65 ரூபா என்று அரசாங்கம் விலை குறித்த பருப்பு எங்கள் பக்கத்துக் கடைகளில் கண்ணில் படவில்லை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். அந்த மே மாதம் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் அரசாங்கமும் சேர்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். வேலை கொடுக்க முடியாமல் வீட்டில் இருத்தும் ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அல்லது 14,500 ரூபா, இரண்டில் எது கூடுதலோ அது. ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கு அது பெரிய துணை. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குத் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. சொன்ன கிலோவைப் பறித்து 20 நாள் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) போட்டாலும் 14,000 ரூபாதான். வீட்டில் இருப்பவர் பட்டினி கிடக்காமலிருக்கக் குறைந்தது 14,500 வேண்டும் என்று நாடு ஏற்றுக்கொண்ட அதே மாதத்தில், மழையில் மலையேறியவருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

ஆட்டோக்காரருக்குக் கிடைத்தது லீசிங் தவணைக்கு ஆறு மாத ஒத்திவைப்பு. வண்டியைப் பறிகொடுக்காமல் மச்சானைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் ஒத்திவைத்த தவணை தள்ளுபடி ஆகவில்லை. கெடு முடிந்ததும் வட்டியோடு அவர் தலையில் விழுந்தது. மத்திய வங்கி 4 வீத வட்டியில் தொழில் மூலதனக் கடனுக்கும் ஏற்பாடு செய்தது. பக்கத்து லயத்தில் தையல் மெஷின் வைத்திருக்கும் பெண் வங்கிக்குப் போனபோது வியாபாரப் பதிவு கேட்டார்கள். காம்பரா வாசலில் தைக்கிறவரிடம் அது எங்கே இருக்கும்?

2021 ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடு மறுபடி மூடப்பட்டது. வேறு உதவி எதுவும் பெறாத, வருமானம் இழந்த குடும்பங்களுக்கு 2,000 ரூபா. ஆறு வாரத்துக்கு வகுத்துப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாகூட இல்லை.

மற்ற இடங்களில்

பிரித்தானியாவில் வேலை நின்றவருக்குச் சம்பளத்தில் 80 வீதத்தை, மாதம் 2,500 பவுண் என்ற உச்ச வரம்போடு, அரசாங்கமே ஏற்றது. சுயதொழில் செய்வோருக்கும் வரிக் கணக்கைப் பார்த்து உதவியது. அங்கேயும் புதிதாகத் தொழில் தொடங்கியவர்களில் பலர், பழைய கணக்கு இல்லாததால், வெளியே நின்றார்கள். தமிழ்நாட்டில் 2020 ஏப்ரலில் அரிசிக் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய், 2021 மே, ஜூனில் இரண்டு தவணையாக 4,000 ரூபாய் கொடுத்தார்கள். தொகை பெரிதல்ல. ஆனால் தோட்டத் தொழிலாளியா, ஆட்டோக்காரரா என்ற கேள்வி அங்கே எழவில்லை. அட்டை இருந்தது, காசு வந்தது. பணக்கார நாடாக இருப்பது வேறு, எல்லோரையும் எழுதிவைத்த பட்டியல் இருப்பது வேறு. இரண்டாவதற்கு அதிகப் பணம் தேவையில்லை.

நம்மிடமும் மனம் வைத்தால் வேகம் உண்டு. 1883 முதல் மண்டபத்தில் கூடி நடத்திய கொழும்புத் தேயிலை ஏலம், ஊரடங்கு போட்டு இரண்டே வாரத்தில் இணையத்துக்கு மாறியது. அந்த 2020ஆம் வருடம் தேயிலை ஏற்றுமதி 124 கோடி டொலர் கொண்டுவந்தது. தேயிலைக்கு இரண்டு வாரத்தில் வழி பிறந்தது போல், அதைப் பறித்த கைகளுக்குப் பிறக்கவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது: வேகத்துக்கு நல்ல மதிப்பெண்; தொகைக்குக் குறைந்த மதிப்பெண்; யாருக்கு என்ற கேள்வியில் அரசாங்கம் தவறிவிட்டது. நோய் வந்த பிறகு பட்டியல் எழுதினால், ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான் அதில் இருப்பார்கள்.

2023இல் சமுர்த்திக்குப் பதிலாக அஸ்வெசும நலன்புரித் திட்டம் வந்தது. பட்டியலும் அதோடு மாறத் தொடங்கியது. ஒவ்வொரு லயன் காம்பராவுக்கும் இலக்கமும் முகவரியும் வேண்டும். குடும்பத்தின் வருமானத்தைக் கணக்கிடும்போது எத்தனை வயிறு என்றும் எண்ண வேண்டும். ஆட்டோக்காரர், தையல்காரர், கொழும்புக் கடைப் பிள்ளைகள் எல்லோரையும் பிரதேச செயலகங்கள் இப்போதே பதிய வேண்டும். தொழிற்சங்கத் தலைவர்களே, சம்பளத்துக்குப் போராடும் அதே குரலில் இதையும் கேளுங்கள். வாசகர்களே, நாளைக்கே கிராம உத்தியோகத்தரிடம் போய் உங்கள் வீட்டார் எல்லோருடைய பெயரும், தொழிலும், முகவரியும் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். எழுதத் தெரியாத பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.