செப்டம்பர் 23: புதுக்கோட்டையில் ஓய்ந்த குரல்

1951 செப்டம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை. புதுக்கோட்டையில் பி.யு. சின்னப்பா காலமானார். அன்று படம் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர் ரத்த வாந்தி எடுத்தார். சற்று நேரத்தில் உயிர் பிரிந்தது. வயது 35. தமிழ் சினிமாவில் சொந்தக் குரலில் பாடி நடித்த கதாநாயகர்களில் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு நிகராக நின்ற ஒரே மனிதர் அவர்.

முதல் எழுத்துகள் இரண்டில் ஒன்று ஊர், மற்றது தகப்பனார். புதுக்கோட்டை உலகநாத பிள்ளை நாடக நடிகர். அவருடைய மகன் சின்னசாமி 1916 மே 5 அன்று பிறந்தார். சின்னசாமி மேடையில் சின்னப்பா ஆனார். புதுக்கோட்டை அப்போது தொண்டைமான்களின் தனிச் சமஸ்தானம். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையும் அவர் சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் வாழ்ந்த ஊர். சங்கீதக் குறிப்புகளைக் கல்லில் வெட்டிய குடுமியான்மலையும் அதன் அருகில்தான் இருக்கிறது. தாளத்துக்குப் பேர்போன ஊரில் பிறந்த பையனுக்குப் பாட்டு ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

பள்ளிப் படிப்பு நீளவில்லை. டி.கே.எஸ். சகோதரர்கள் இருந்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் சிறிது காலம், பிறகு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. சம்பளம் மாதம் 15 ரூபாய். எம்.ஜி. ராமச்சந்திரனும் அதே கம்பெனியில் வளர்ந்தவர். பாய்ஸ் கம்பெனிப் பையன்களுக்கு ஒரு பொது விதி உண்டு: குரல் உடைந்தால் ராஜபார்ட் என்ற கதாநாயக வேடமும் போய்விடும். சின்னப்பாவுக்கும் குரல் உடைந்தது. கம்பெனியை விட்டு வந்து முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்றார். கூடவே சிலம்பம், குஸ்தி. இந்த இரண்டாவது பயிற்சிதான் அவரைப் பாகவதரிடமிருந்து பிரித்துக் காட்டியது. பாகவதர் படத்தில் ஜனங்கள் பாட்டுக்காகக் காத்திருப்பார்கள். சின்னப்பா படத்தில் பாட்டுக்கும் கத்திச் சண்டைக்கும் சேர்த்தே டிக்கெட் வாங்கினார்கள்.

ஜூபிடர் நிறுவனத்தின் 'சந்திரகாந்தா' (1936) முதல் படம். அடுத்து வந்தவை பெரிதாகப் போகவில்லை. விரதம், மௌனம் என்று ஒதுங்கியிருந்தவரைச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் 'உத்தம புத்திர'னுக்கு (1940) அழைத்தார். அலெக்சாந்தர் டூமாவின் இரும்பு முகமூடி மனிதன் கதையைத் தழுவிய அந்தப் படத்தில் அண்ணன் தம்பி இருவரும் சின்னப்பாவே. தமிழ்த் திரையின் முதல் இரட்டை வேடம் அது. 'ஆர்யமாலா' (1941), இளங்கோவன் வசனத்தில் கண்ணாம்பாவுடன் நடித்த 'கண்ணகி' (1942), 'மனோன்மணி' (1942) என்று வெற்றிகள் வரிசையாக வந்தன. கோவலன் பேசும் தமிழ், சிலப்பதிகாரம் படிக்காதவர் வீட்டுத் திண்ணைக்கும் போய்ச் சேர்ந்தது.

'ஜகதலப்பிரதாபன்' (1944) படத்தின் ஒரு காட்சியை மட்டும் தனியே சொல்ல வேண்டும். பாடுபவர் சின்னப்பா; சுற்றி அமர்ந்து பக்கவாத்தியம் வாசிப்பவர்களும் சின்னப்பா; ஆக ஒரே திரையில் ஐந்து சின்னப்பாக்கள். கணினி இல்லாத காலம். கேமராவின் ஒரு பகுதியை மறைத்து, அதே ஃபிலிமைத் திரும்பச் சுற்றி, ஒவ்வொரு வேடமாகப் படமெடுப்பதே அன்றைய வழி. தாளம் ஓர் அட்சரம் பிசகினால் மொத்தமும் வீண். மான்பூண்டியா பிள்ளையின் ஊர்க்காரருக்கு அது பிசகவில்லை.

அந்த ஆண்டிலேயே 'பிருதிவிராஜன்' பட நாயகி ஏ. சகுந்தலாவை மணந்தார். ஆண்டின் இறுதியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதாகி 1947 வரை சிறையில் இருந்தார். களத்தில் சின்னப்பாவுக்குப் போட்டியே இல்லாத காலம் அது. சம்பாத்தியத்தைச் சென்னையில் போடாமல் சொந்த ஊரில் வீடு வீடாக வாங்கினார். இனிமேல் வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டதாகப் புதுக்கோட்டையில் இன்றும் சொல்வார்கள். மிகை கலந்திருக்கலாம், ஆனால் ஒரு நடிகரைப் பற்றி ஊர் இப்படிப் பேசுவது அவர் ஊரை விட்டுப் போகவில்லை என்பதற்குச் சாட்சி. 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 'மங்கையர்க்கரசி'யும் 'ரத்னகுமார்' படமும் 1949இல் வந்தன. 'ரத்னகுமார்' படத்தில் பழைய கம்பெனித் தோழர் எம்.ஜி.ஆருக்குத் துணை வேடம்.

அவர் மறைந்த வேளையும் கவனிக்க வேண்டியது. டி.எம். சௌந்தரராஜன் 'கிருஷ்ண விஜயம்' மூலம் 1950இல் திரைக்கு வந்திருந்தார். நடிப்பவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்ற முறை நிலைபெற்றுக்கொண்டிருந்தது. சின்னப்பா இன்னும் பத்து ஆண்டுகள் இருந்திருந்தாலும் பாடும் கதாநாயகனின் காலம் நீண்டிருக்காது.

உலகம் இதே தேதியைப் பிறந்த நாளாகவே அதிகம் கொண்டாடுகிறது. சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1926 செப்டம்பர் 23 அன்று அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்தார். இந்திய இசையில் அவருக்கு இருந்த ஈடுபாடு பெரிது. ரவிசங்கரின் நினைவாகத் தம் மகனுக்கு ரவி என்றே பெயர் வைத்தார். ரே சார்லஸ் பிறந்தது 1930இல், ஜார்ஜியாவில். ஏழு வயதுக்குள் பார்வை போனது. தேவாலயப் பாட்டையும் புளூஸையும் கலந்து 'சோல்' இசைக்கு வழி திறந்தார். ஸ்பெயினின் ஹூலியோ இக்லெசியாஸ் 1943இல் பிறந்தார். ரியல் மாட்ரிட் இளையோர் அணியில் கோல்கீப்பராக இருந்தவர், கார் விபத்தில் படுத்த படுக்கையானபோது கிதாரைக் கையில் எடுத்தார். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1949இல் நியூ ஜெர்சியில் பிறந்தார். சின்னப்பா இறந்த அன்று அவருக்கு வயது சரியாக இரண்டு. ரே சார்லஸுக்கு 21.

சின்னப்பாவின் கடைசிப் படம் 'சுதர்சன்'. பாண்டுரங்க பக்தரான குயவராக அவர் நடித்த அந்தப் படம், அவர் மறைந்த பிறகே அதே 1951இல் திரைக்கு வந்தது.