மூன்றாம் நாள் டீக்கடையில்

டீக்கடைக்காரர் கேட்கவே இல்லை. டீ கிளாஸோடு ஒரு சிகரெட்டையும் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். பதினைந்து வருடப் பழக்கம். என் சித்தப்பா சிகரெட்டை விட்டு அன்றைக்கு மூன்றாம் நாள். கடைக்கம்பத்தில் கட்டிய கயிறு நுனியில் கனன்றுகொண்டிருந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். "கையெல்லாம் நடுங்குதுடா, எனக்கு மனத்திடம் பத்தல" என்றார்.

மனத்திடத்தில் குறை ஒன்றும் இல்லை. ரத்தத்தில் உள்ள நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதற்குப் பழகிய மூளை, கடைசி சிகரெட் முடிந்த சில மணி நேரத்திலேயே தேட ஆரம்பிக்கும். எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, அடங்காத பசி, சிலருக்கு மலச்சிக்கல் என்று ஒவ்வொன்றாக வரும். பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். பிறகு இறங்க ஆரம்பித்து மூன்று, நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். "இனி காலம் பூராவும் இப்படித்தானா" என்று அந்த உச்சத்தில் பயந்துதான் பலர் மறுபடி பற்றவைக்கிறார்கள். ரத்தத்தில் சேர்ந்திருந்த கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் வெளியேறிவிடும் என்பதை அவர்களுக்கு யாராவது அப்போது சொல்ல வேண்டும்.

"ஒண்ணு இழுத்தா தேவலை" என்ற தவிப்பும் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள்தான் நிற்கும். சித்தப்பா வாயில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்துவிட்டு வருவார்.

அந்தக் கை நடுக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். புகையில் உள்ள சில பொருட்கள், கல்லீரல் கஃபீனைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டுகின்றன. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைகிறது. தினமும் குடிக்கும் அதே ஆறு டீயின் கஃபீன் உடம்பில் அதிக நேரம் தங்கி, படபடப்பையும் தூக்கமின்மையையும் தருகிறது. பழியோ சிகரெட்டை விட்டதன் மேல் விழுகிறது. சித்தப்பா டீயை மூன்றாகக் குறைத்த பிறகுதான் இரவில் தூங்கினார். புகையை விட்டால், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், மனநல மாத்திரைகள் சில, இன்சுலின் ஆகியவற்றின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம். விடப்போவதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும். அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். காரம் தெரியும் வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள். காரம் போனதும் மறுபடி மெல்லுங்கள். அரை மணி நேரம் போதும். மெல்லத் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி, பழச்சாறு வேண்டாம். கர்ப்பிணிகளும் சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். "இதை இழுத்தால் சிகரெட்டை விட்டுவிடலாம்" என்று யாராவது மின்சிகரெட்டை நீட்டினால் வாங்காதீர்கள். இந்தியாவில் 2019 சட்டப்படி அதை விற்பதே குற்றம்.

பணியிடம், உணவகம், பேருந்து நிலையம் போன்ற பொது இடங்களில் புகைப்பதை 2003 புகையிலைச் சட்டம் தடுக்கிறது. 200 ரூபாய் வரை அபராதம். விட்ட முதல் வாரத்தில் பக்கத்து மேசைப் புகை எவ்வளவு இழுக்கும் என்பது விட்டவருக்குத்தான் தெரியும். "இங்கே பிடிக்காதீங்க" என்று அவரிடம் சொல்லும்படி நிர்வாகத்தைக் கேட்பது உங்கள் உரிமை. தயங்காதீர்கள்.

பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண்ணுக்கு அழைக்கக் கட்டணம் இல்லை. புகையிலையை விட உதவும் தேசிய ஆலோசனைச் சேவை அது. சித்தப்பா கடைசி பாக்கெட்டிலிருந்து அந்தத் துண்டைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஒன்பதாம் நாள், ஒரு துக்க வீட்டு வாசலில் யாரோ நீட்டியதை வாங்கிப் பாதி பிடித்துவிட்டார். "எல்லாம் போச்சு" என்று சொல்லி ஒரு பாக்கெட் வாங்கப் புறப்பட்டவருக்கு, கடை வாசலில் சில்லறைக்காகப் பையில் கையை விட்டபோது அந்தத் துண்டு கையில் வந்தது. அங்கேயே நின்று போன் செய்தார்.