பாட்டி ஏறிய மூன்றாவது படி

போன் அடித்தால் எங்கள் பாட்டி முதலில் எடுப்பது கைத்தடியை. மாடிப்படியில் மூன்றாவது படி வரை ஏறினால்தான் பேச்சு அறுந்து போகாமல் கேட்கும்.

"வேற கம்பெனிக்கு மாத்திடலாம் பாட்டி" என்றான் தம்பி.

"மாத்தினா அடுப்படியில கேக்குமாடா?"

சரியான கேள்வி! நம் நாட்டில் 2011 முதல் எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாறிய பிறகு பிடிக்கவில்லை என்றால், அடுத்த மாற்றத்துக்கு 90 நாள் காத்திருக்க வேண்டும். அதனால் முதலிலேயே அளந்து பார்த்துவிடுவது நல்லது.

எதைப் பார்த்து அளப்பது? திரையின் மூலையில் தெரியும் கோடுகளை நான் நம்பமாட்டேன். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதை போன் செய்கிறவர்கள் ஆளுக்கொரு விதமாக வைத்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் 'அபௌட் போன்', அதில் 'சிம் ஸ்டேட்டஸ்' என்று தேடுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் -85 டிபிஎம் என்பது போல ஓர் எண் இருக்கும்.

அதென்ன மைனஸ்? ஒரு மில்லிவாட் சக்திக்குப் பூஜ்யம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் பத்தில் ஒரு பங்கு என்றால் -10. நூறில் ஒரு பங்கு என்றால் -20. இப்படியே இறங்கினால், -90 என்பது ஒரு மில்லிவாட்டை 100 கோடிப் பங்கு போட்டு அதில் ஒன்று! அந்தத் துளியையும் போன் பிடித்துவிடுகிறது. -110ஐத் தாண்டினால்தான் திணறும்.

சித்தப்பாவிடம் அந்த இன்னொரு கம்பெனி சிம் இருந்தது. அதை வாங்கி பாட்டியின் போனிலேயே போட்டோம். வேறு போனில் பார்த்தால் ஆன்டெனாவும் வேறாகிவிடும், கணக்கு ஒத்துவராது. வைஃபையையும் அணைத்துவிட்டோம். சில போன்கள் வைஃபை வழியாகவே பேச வைத்து நம்மை ஏமாற்றிவிடும்.

திண்ணையில் இரண்டு சிம்மும் ஏறக்குறைய ஒன்றுதான். அடுப்படியில் பழையது -113, புதியது -100. வித்தியாசம் வெறும் 13தானே என்கிறீர்களா? சக்தியில் அது 20 மடங்கு!

ஒரே சுவர், ஏன் இரண்டு விதம்? ஒரு கம்பெனியின் கோபுரம் பக்கத்தில் இருக்கலாம். அலையும் வேறாக இருக்கலாம். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர், உங்கள் ஸ்கேலைவிடக் கொஞ்சம் அதிகம். 3500 என்றால் 9 சென்டிமீட்டர்கூட இல்லை. பொதுவாக நீள அலைதான் சுவரைத் தாண்டி உள்ளே வரும். கான்கிரீட்டும் அதற்குள் இருக்கும் கம்பியும் குட்டை அலையை அதிகம் தடுக்கும். உலோகத்தின் வேலையைப் பார்க்க வேண்டுமா? போனை அலுமினியத் தாளில் இடைவெளி இல்லாமல் சுற்றி, இன்னொரு போனிலிருந்து கூப்பிடுங்கள். எவர்சில்வர் டப்பாவில் வைத்தபோது எங்களுக்கு மணி அடித்துவிட்டது. மூடி இடுக்கு போதும் அலைக்கு.

சாயங்காலம் ஏழு மணிக்கு இன்னொரு முறை பேசிப் பார்த்தோம். எல்லாரும் போனும் கையுமாக இருக்கும் நேரத்தில் சிக்னல் எண் நன்றாக இருந்தாலும் இணையம் நத்தையாகிவிடும். பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. கம்பெனியை மாற்றுவதற்காக 'போர்ட்' என்று எழுதி, இடம் விட்டு, பாட்டியின் எண்ணையும் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினான் தம்பி.

இப்போது பாட்டி அடுப்படியிலிருந்தே பேசுகிறார். குக்கர் விசில் சத்தத்தில் எங்களுக்குத்தான் ஒன்றும் கேட்பதில்லை.