தேவசகாயம்: பொருள் நிறைந்த ஒரு பெயர்

இலாசர் என்ற பெயர் எலயாசர் என்னும் எபிரேயப் பெயரின் சுருக்கம். 'கடவுள் உதவினார்' என்பது அதன் பொருள். நட்டாலம் நீலகண்டபிள்ளை 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது, இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளார் அந்தப் பொருளையே 'தேவசகாயம்' என்று நம் மொழியில் சூட்டினார். 'ஆண்டவர் அருளுள்ளவர்' எனப் பொருள்படும் யோவானை அருளப்பர் என்றும், 'சிறியவர்' எனப் பொருள்படும் பவுலைச் சின்னப்பர் என்றும் நம் முன்னோர் அழைத்ததும் இவ்வாறே.

ஆனால் அப்பெயரைத் தாங்கியவர் சிறைப்பட்டார், வதைக்கப்பட்டார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கடவுளின் உதவி எங்கே என்று கேட்கத் தோன்றும். லூக்கா நற்செய்தியில் செல்வரின் வாயிலருகே புண்களோடு கிடந்த ஏழையின் பெயரும் இலாசர்தானே! அந்தச் செல்வருக்கோ பெயரே இல்லை.

2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார். ஆயினும் குமரி, நெல்லைக் குடும்பங்கள் பலவற்றில் இது இன்று தாத்தாவின் பெயராகவே நிற்கிறது. நீளம் என்று தயங்குவோர் 'சகாயம்' என அழைக்கலாம். கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயரைத் தவிர்க்கும்படி மட்டுமே திருச்சபைச் சட்டம் 855 கேட்கிறது. பிறமொழிப் பெயர்தான் வேண்டும் என்று அது சொல்லவில்லை.